விலை குறைந்த பழைய முறைச் சவரப் பொருட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரட்டை முனை பிளேடு, பிரஷ், சவர சோப்பு ஆகிய மூன்றையும் கொண்டு நான் பல ஆண்டுகளாகச் சவரம் செய்துவருகிறேன். இதை அறிந்த நண்பர்களும் உறவினர்களும் உடன் பணியாற்றுவோரும் ஏறக்குறைய ஒரே வகையான ஐயங்களை வெவ்வேறு சொற்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான் சொல்லிவரும் பதிலைக் கீழே தொகுத்திருக்கிறேன். முந்தைய பதிலில் சொன்னதை மறுபடி சொல்லாமல் அதைச் சுட்டிக்காட்டிச் செல்வதால், முதல் முறை படிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

பழைய முறை என்றால் மடக்குக் கத்தியையா சொல்கிறீர்கள்? அதைத் தொடவே எனக்குப் பயம்.

இல்லை. மடக்குக் கத்தியைத் தீட்டவும் தோல்வாரில் உரசிப் பதம் பார்க்கவும் தனிப் பயிற்சி வேண்டும். அது இந்தப் பக்கத்தின் பொருள் அன்று. நான் பேசுவது, இருபுறமும் கூரான மெல்லிய பிளேடு ஒன்றைத் தலைப்பகுதியில் வைத்துத் திருகிக்கொள்ளும் ரேசரைப் பற்றி. இத்தகைய ரேசருக்கு அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் 1901-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1904-இல் அதைப் பெற்றார். விற்பனைக்கு வந்த 1903-ஆம் ஆண்டில் விற்றவை 51 ரேசர்கள் மட்டுமே. அதன் பிறகு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த அடிப்படை வடிவம் பெரிதாக மாறவில்லை.

இந்த ரேசரில் பிளேடின் முனை மட்டுமே வெளியே தெரியும். அதற்குக் கீழே உள்ள உலோக விளிம்பு தோலை அணைத்துப் பிடிப்பதால் ஆழமான வெட்டு விழுவது அரிது. சிறு கீறல்கள் முதல் சில வாரங்களில் வரலாம். கை பழகப் பழக அவை குறைந்துவிடும்.

இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே, தரமும் அதற்கேற்பத்தானே இருக்கும்?

விலை குறைவாக இருப்பதற்கான காரணம் தரக்குறைவு அன்று, பொருளின் பழமை. ஜில்லெட்டின் மூலக் காப்புரிமை 1921-இல் காலாவதியானது. இன்று இரட்டை முனை பிளேடை எந்த நிறுவனமும் செய்யலாம், எந்த நிறுவனத்தின் பிளேடும் எந்த நிறுவனத்தின் ரேசரிலும் பொருந்தும். ஒரு கைப்பிடியை வாங்கியவர் ஒரே நிறுவனத்தின் தலைகளையே வாழ்நாள் முழுவதும் வாங்க வேண்டிய கட்டாயம் இங்கே இல்லாததால் போட்டி கடுமையாக இருக்கிறது, விலையும் கீழேயே நிற்கிறது. துருப்பிடிக்காத எஃகு பிளேடுகள் 1960-களின் தொடக்கத்தில் பரவலாகின. முனையின் மேல் நுண்ணிய பூச்சு இடும் முறையும் அதே காலத்தில் வந்துவிட்டது. ஆகவே மலிவான பிளேடிலும் தீர்வு காணப்பட்ட தொழில்நுட்பம்தான் இருக்கிறது.

சோப்புக்கும் இதுவே பொருந்தும். நல்ல சவர சோப்பின் வேதியியல் நெடுங்காலத்துக்கு முன்பே தெளிவாகிவிட்டது. விலையுயர்ந்த சோப்பில் நாம் கூடுதலாகக் கொடுக்கும் தொகையில் பெரும்பகுதி நறுமணத்துக்கும் மரக்கிண்ணத்துக்கும் பெயருக்கும் போகிறது. நறுமணத்தை விரும்பி அதற்காகச் செலவிடுவது தவறன்று. ஆனால் அது சவரத்தின் தரத்தை உயர்த்தும் என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

முதலில் எதையெல்லாம் வாங்க வேண்டும்?

ஒரு ரேசர், சில வகை பிளேடுகள், ஒரு செயற்கை இழை பிரஷ், ஒரு சவர சோப்பு அல்லது கிரீம், ஒரு படிகாரக் கட்டி. இவ்வளவே போதும். நுரை எழுப்ப வீட்டில் இருக்கும் அகன்ற கோப்பை ஒன்று போதுமானது. சவரத்துக்கு முன் பூசும் எண்ணெய், பிரஷ் தொங்கவிடும் தாங்கி, சிறப்புக் கிண்ணம் போன்றவற்றை முதல் மூன்று மாதங்களுக்கு வாங்காதீர்கள்; அதற்குள் அவற்றின் தேவை இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பட்டியலில் இல்லாத, ஆனால் எல்லாவற்றையும் விட அதிக வேலை செய்யும் பொருள் தண்ணீர். முடி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை உறிஞ்சக்கூடியது. அப்படி ஊறிய முடியை வெட்டத் தேவைப்படும் விசை, காய்ந்த முடியை வெட்டத் தேவைப்படுவதை விட மிகக் குறைவு. இந்த ஊறலுக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். குளித்து முடித்தவுடன் சவரம் செய்வது, அல்லது முகத்தை வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கழுவி ஈரத்தோடு நுரையைப் பூசிச் சற்றுக் காத்திருப்பது ஆகிய இரண்டில் ஒன்றைச் செய்யாதவருக்கு எந்தப் பொருளும் உதவாது.

குளியல் சோப்பையே தேய்த்துச் சவரம் செய்கிறேன். தனியாகச் சவர சோப்பு எதற்கு?

இரண்டும் சோப்புதான், ஆனால் இரண்டின் கட்டமைப்பும் வேறு. எண்ணெய் அல்லது கொழுப்பைக் காரத்துடன் வினைபுரியச் செய்தால் சோப்பு கிடைக்கிறது. குளியல் கட்டிகள் பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடில் செய்யப்படுகின்றன. அதனால் அவை கெட்டியாக இருக்கும், மெதுவாகக் கரையும். சவர சோப்பில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் பங்கு அதிகம். பொட்டாசியம் சோப்பு மென்மையானது, நீரில் எளிதில் கரைவது, ஆகவே அதிக நீரைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொண்டு நுரையாக எழுவது.

கொழுப்பு அமிலங்களிலும் வேறுபாடு உண்டு. தேங்காய் எண்ணெயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலம் பெரிய குமிழிகளை விரைவாக எழுப்பும். அந்தக் குமிழிகள் அதே விரைவில் உடைந்தும் போகும். ஸ்டியரிக் அமிலமும் பால்மிடிக் அமிலமும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய குமிழிகள் கொண்ட, அடர்ந்த, நெடுநேரம் நிற்கும் நுரையைத் தருகின்றன. சவரத்துக்கு வேண்டியது இந்த இரண்டாம் வகைதான். ஏனெனில் நுரையின் வேலை அழுக்கை அகற்றுவதன்று. முடியைச் சுற்றி நீரைத் தேக்கிவைப்பதும், பிளேடுக்கும் தோலுக்கும் இடையில் வழுக்கும் படலமாக நிற்பதும் ஆகும். குளியல் சோப்பில் இரண்டாம் முறை ரேசரை இழுக்கும்போது தோல் பிடிப்பதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். படலம் அதற்குள் காய்ந்துபோயிருக்கும்.

வாங்கும்போது உறையின் பின்புறம் உள்ள பொருட்பட்டியலைப் பாருங்கள். சேர்மானங்கள் அளவில் மிகுந்தது முதலில் என்ற வரிசையில் எழுதப்படுகின்றன. ஸ்டியரிக் அமிலம் அல்லது பொட்டாசியம் ஸ்டியரேட் முதல் சில பெயர்களுக்குள் இருந்தால், கிளிசரினும் பட்டியலில் இருந்தால், அந்தச் சோப்பு எவ்வளவு மலிவானதாக இருந்தாலும் நம்பி வாங்கலாம். விளம்பர வாசகங்களை விட இந்த ஒரு வரி அதிக உண்மையைச் சொல்லும்.

கட்டி சோப்பு, குச்சி சோப்பு, டியூப் கிரீம், ஸ்ப்ரே நுரை. எது நல்லது?

முதல் மூன்றும் ஏறக்குறைய ஒரே பொருளின் மூன்று வடிவங்கள். கிரீமில் நீர் கூடுதலாக இருப்பதால் நுரை விரைவில் வரும். பழகாதவர்களுக்கு அதுவே ஏற்றது. கட்டியும் குச்சியும் பல மாதங்கள் உழைக்கும், ஆனால் நீரின் அளவைக் கை கற்றுக்கொள்ள வேண்டும். குச்சி சோப்பை ஈர முகத்தில் நேரடியாகத் தேய்த்துவிட்டுப் பிரஷால் சுழற்றினால் போதும், கோப்பைகூட வேண்டாம். துருக்கியின் ஆர்கோ குச்சியும் இத்தாலியின் புரோராசோ கிரீமும் எளிமையான பொருள்களாக இருந்தும் உலகெங்கும் பழைய முறைக்காரர்களிடம் நற்பெயர் பெற்றிருப்பவை. ஆர்கோவின் எலுமிச்சைச் சாயலுள்ள கடும் மணம் சிலருக்குப் பிடிக்காது. சவரத்தின் தரத்தில் குறை சொல்ல முடியாது.

ஸ்ப்ரே நுரையை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் பருமனில் பெரும்பகுதி வாயு. குப்பியிலிருந்து வெளிவரும்போது அழகாக இருக்கும் அந்த நுரையில் நீர் குறைவு, முடியை ஊறவைக்கும் ஆற்றலும் குறைவு.

நுரை வரவே மாட்டேன் என்கிறது. வந்தாலும் உடனே காய்ந்துவிடுகிறது. சோப்பு போலியா?

பெரும்பாலும் இல்லை. பொருளின் மேல் பழி விழும் இந்த இடத்தில் குற்றவாளிகள் இருவர்: சோப்பின் அளவு, தண்ணீரின் கடினத்தன்மை.

தொடங்குபவர்கள் சோப்பை மிகக் குறைவாக எடுக்கிறார்கள். கட்டியாக இருந்தால், உதறி ஈரம் குறைத்த பிரஷை அதன் மேல் குறைந்தது 30 விநாடிகள் சுழற்றுங்கள். பசை போன்ற அடர்ந்த படிவு பிரஷின் நுனியெங்கும் ஒட்ட வேண்டும். கிரீமாக இருந்தால் கட்டைவிரல் நகத்தின் அளவு. பிறகு சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்துக்கொண்டே சுழற்ற வேண்டும். நுரை மங்கலாகவும் குவியலாகவும் நின்றால் நீர் போதவில்லை. மேற்பரப்பு தயிரின் மேல் படர்ந்த நீர்போல் மினுமினுத்து, பிரஷை உயர்த்தினால் நுனி வளையும் நிலையே சரியான பதம். முகத்தில் வழிந்து ஓடினால் நீர் கூடிவிட்டது. இந்தப் பதம் கைக்கு வர ஒரு வாரமாவது ஆகும்; அதுவரை சோப்பை மாற்றாதீர்கள்.

அடுத்தது கடின நீர். நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகள் சோப்புடன் சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிவிடுகின்றன. நுரையாக வேண்டிய சோப்பு கசடாக வீணாகிறது. ஒரே ஒரு நாள், காய்ச்சி வடித்த நீரையோ மழைநீரையோ ஒரு குவளை எடுத்து அதே சோப்பில் நுரை எழுப்பிப் பாருங்கள். வேறுபாடு பளிச்சென்று தெரிந்தால் உங்கள் சிக்கல் சோப்பில் இல்லை. நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் தற்காலிகக் கடினத்தன்மை மட்டும் நீங்கும். நுரைக்கு வேண்டிய நீர் ஒரு குவளைக்கும் குறைவு என்பதால், அதற்கு மட்டும் நல்ல நீரை ஒதுக்கி, கழுவுவதற்குக் குழாய் நீரைப் பயன்படுத்துவதே எளிய தீர்வு. பொருட்பட்டியலில் இ.டி.டி.ஏ. என்ற பெயர் இருந்தால் அந்த அயனிகளைப் பிடித்துவைக்கும் சேர்மானம் கலந்திருக்கிறது என்று பொருள். அத்தகைய சோப்புகள் கடின நீரில் சற்று நன்றாக நடந்துகொள்ளும்.

பிரஷ் இல்லாமல் விரலால் பூசினால் ஆகாதா? விலங்கு முடி பிரஷ்தான் சிறந்தது என்கிறார்களே?

கிரீமை விரலால் பூசலாம். ஆனால் நுரையில் காற்றையும் நீரையும் அடர்த்தியாகக் கலப்பதையும், படுத்திருக்கும் முடியை நிமிர்த்தி அதன் அடி வரை ஈரத்தைக் கொண்டுசெல்வதையும் விரல் செய்யாது. பிரஷ் செய்யும்.

பன்றி முடி பிரஷ் விலை குறைந்தது, விறைப்பானது. ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் நீரில் ஊறவைக்க வேண்டும். பல வாரப் பயன்பாட்டில் முடிநுனிகள் பிளந்து மென்மையாகும். பேட்ஜர் என்னும் விலங்கின் முடி நீரை நன்றாகத் தேக்கும், விலை அதிகம். இன்றைய செயற்கை இழைகள் ஊறவைக்காமலே வேலை செய்கின்றன, சோப்பைக் குடித்துவிடுவதில்லை, விரைவில் உலர்கின்றன. மலிவு, தரம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் தேர்வு செயற்கை இழையே. கிருமி பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி: முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகக் கிருமி நீக்கப்படாத குதிரை முடியால் செய்த சவரப் பிரஷ்கள் மூலம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆந்த்ராக்ஸ் நோய் பரவியது. இப்போது முடியைக் கிருமி நீக்கியே பயன்படுத்துகிறார்கள். இருந்தாலும் மிகப் பழைய விலங்கு முடி பிரஷ் கிடைத்தால் அதைக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த பிளேடு நல்லது? ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன், ஏனென்றால் உண்மையிலேயே அதற்கு ஒரே பதில் இல்லை. ஜப்பானின் ஃபெதர் பிளேடு மிகவும் கூர்மையானது என்று பெயர் பெற்றது. அடர்ந்த, தடித்த தாடி உள்ளவருக்கு அது வரப்பிரசாதம், மெல்லிய தோலும் பழகாத கையும் உள்ளவருக்கு அதுவே கீறல். டெர்பி அதைவிட மென்மையானது. சிலருக்கு அது முடியை வெட்டாமல் இழுப்பதாகத் தோன்றும். ஆஸ்ட்ரா இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பதாகப் பலரும் சொல்வார்கள், என் அனுபவமும் அதுவே. முடியின் தடிமன், தோலின் மென்மை, ரேசரின் அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் பிளேடின் குணத்தைத் தீர்மானிக்கின்றன.

பல வகைகளைக் கொண்ட மாதிரிப் பொதி ஒன்றை வாங்கி, ஒவ்வொன்றையும் மூன்று சவரங்களுக்காவது பயன்படுத்திக் குறிப்பு எழுதுங்கள். அந்தக் காலத்தில் சோப்பையோ ரேசரையோ மாற்றக் கூடாது; மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். பொருத்தமான பிளேடைக் கண்டுபிடிப்பது, இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாத் தேர்வுகளையும் விட அதிகப் பலன் தரும்.

முடி மென்மையானது, பிளேடு எஃகு. பிறகு ஏன் நான்கைந்து சவரத்தில் மழுங்குகிறது?

இந்தக் கேள்வியை அறிவியலாளர்களே எடுத்துக்கொண்டார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், முடி எஃகை விட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையாக இருந்தும் பிளேடின் முனையைச் சிதைக்கக் காரணம் என்ன என்பதை நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்தார்கள். முனை சீராகத் தேய்வதில்லை. சிறு சில்லுகளாக உடைகிறது. எஃகின் நுண்கட்டமைப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாததும், வெட்டுப்படும்போது முடி வளைந்து பிளேடைச் சாய்கோணத்தில் அழுத்துவதும், ஒரு முடி முனையின் பலவீனமான புள்ளியில் படுவதும் சேரும்போது சில்லு தெறிக்கிறது. முடியை ஊறவைப்பது பிளேடின் ஆயுளுக்கும் நல்லது என்பதை இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

நடைமுறையில் மூன்று முதல் ஏழு சவரங்கள் என்பது பெரும்பாலோரின் கணக்கு. எண்ணிக்கையை விட முகத்தின் சொல்லைக் கேளுங்கள்: முதல் இழுப்பிலேயே முடி பிடித்திழுக்கப்படுவதாகத் தோன்றினால் அன்றே மாற்றிவிடுங்கள். வெறும் 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளேடைத் துணியால் துடைக்காதீர்கள், அதன் முனையும் முனையின் மேலுள்ள பூச்சும் அதில் கெடும், விரலும் வெட்டுப்படும். நீரில் அலசி, உதறி, காற்றில் உலரவிட்டாலே போதும்.

மிக மலிவான ரேசர் ஒன்று இருக்கிறது. அது போதுமா?

போதும், ஒரு சோதனையில் தேறினால். பிளேடைப் பொருத்தித் திருகி இறுக்கிய பின் தலையை நேராகக் கண் முன் பிடித்துப் பாருங்கள். பிளேடின் முனை இருபுறமும் ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால், அல்லது முனை ஒரு கோடியில் அகன்றும் மறு கோடியில் குறுகியும் இருந்தால், ஒரு பக்கம் வெட்டும், மறு பக்கம் எரிக்கும். இறுக்கிய பின் பிளேடு ஆடவும் கூடாது. விலை உயர்ந்த ரேசர்களில் நாம் முதன்மையாகப் பெறுவது இந்தத் துல்லியத்தைத்தான். அது மலிவான ரேசரிலும் அமைந்துவிட்டால் முகத்துக்கு வேறுபாடு தெரியாது.

வேறுபாடு ஆயுளில் தெரியும். மலிவான ரேசர்களின் தலைகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டு, மேலே குரோமியம் முலாம் பூசப்பட்டவை. முலாம் உரிந்தால் உள்ளே அரிக்கும். கீழே விழுந்தால் திருகுத் தண்டு முறியலாம். பித்தளையும் துருப்பிடிக்காத எஃகும் தலைமுறை கடந்து நிற்பவை. ஆகவே முதல் ரேசரை மலிவாக வாங்கி, ஓராண்டு பழகி, இந்த முறை உங்களுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்த பின் ஒரே ஒரு முறை நல்ல உலோகத்தில் செலவிடலாம்.

கன்னம் வழவழப்பாக வருகிறது, கழுத்து மட்டும் நெருப்பாய் எரிகிறது. சோப்பை மாற்றட்டுமா?

மாற்ற வேண்டியது கையை. கழுத்தில் முடி மேலிருந்து கீழாக மட்டும் வளர்வதில்லை. பலருக்குப் பக்கவாட்டிலும், சிலருக்குக் கீழிருந்து மேலாகவும், தொண்டைக் குழிக்கருகே சுழியாகவும் வளரும். இரண்டு நாள் வளர்ந்த முடியின் மேல் விரலை நான்கு திசைகளிலும் ஓட்டிப் பாருங்கள். வழுக்கிச் செல்லும் திசையே முடி வளரும் திசை. அதை ஒரு தாளில் படமாக வரைந்துகொள்ளுங்கள். முதல் சுற்றில் அந்தத் திசையிலேயே இழுக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் மீண்டும் நுரை பூசிக் குறுக்காக இழுக்கலாம். எதிர்த்திசைச் சுற்று கழுத்துக்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை.

அடுத்தது அழுத்தம். கார்ட்ரிட்ஜில், அதாவது பல பிளேடுகள் பதித்த தலையை மட்டும் மாற்றும் ரேசரில், பழகிய கை அழுத்திப் பழகியது. இந்த ரேசரின் எடையே அழுத்தம். கை வழிகாட்டினால் போதும். பிளேடுக்கும் தோலுக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ 30 பாகை: கைப்பிடியைத் தோலுக்குச் செங்குத்தாக வைத்துத் தொடங்கி, முடி வெட்டுப்படும் ஓசை கேட்கும் வரை மெதுவாகத் தாழ்த்துங்கள். இழுப்பு ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இவற்றைச் சரிசெய்த பிறகும் எரிந்தால் பிளேடைப் பற்றிய பதிலுக்குத் திரும்புங்கள்; சோப்பு கடைசியில்தான் வரும்.

ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் இதைவிட நெருக்கமாக மழிக்குமே?

மழிக்கும், சிலருக்குச் சிக்கலே அதனால்தான். பல பிளேடு அமைப்பில் முதல் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுக்க, அது உள்வாங்குவதற்குள் அடுத்த பிளேடு வெட்டுகிறது. இதனால் முடி தோலின் மட்டத்துக்குக் கீழே போய்விடலாம். சுருள் முடி உள்ளவர்களுக்கு அப்படிக் கீழே போன கூரிய நுனி, வளைந்து வளரும்போது தோலின் உள்ளேயே குத்திப் புடைப்புகளை உண்டாக்குகிறது. ஒற்றை பிளேடு, முடி வளரும் திசையில் ஒரே சுற்று, தோலை இழுத்துப் பிடிக்காமை ஆகிய மூன்றும் அவர்களுக்குப் பெருமளவு நிம்மதி தரும். புடைப்புகள் மிகுதியாக இருந்தால் சில வாரங்களுக்குச் சவரத்தை நிறுத்தி, மின் கத்தரிப்பானால் 1 மில்லிமீட்டர் அளவு முடியை விட்டுவைப்பது நல்லது. அப்போதும் ஆறாமல் சீழ் வைத்தால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கார்ட்ரிட்ஜுக்கு ஒரு நியாயமும் உண்டு. அவசரமாகச் சவரம் செய்பவருக்கும், கை நடுக்கம் உள்ளவருக்கும் அதுவே பாதுகாப்பானது. நீரிழிவு உள்ளவர்களும் இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்களும் பழைய முறைக்கு மாறும் முன் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது; சிறு கீறலும் அவர்களுக்குச் சிறிதன்று.

படிகாரம் தேய்த்தால் எரிகிறது. எரியத்தான் வேண்டுமா? தினமும் தேய்க்கலாமா?

படிகாரம் என்பது பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட். அது தோலின் மேற்பரப்பில் உள்ள புரதங்களை உறையச் செய்து திசுவைச் சுருக்குகிறது. ஊசிமுனை அளவு கீறல்களில் இரத்தம் நிற்பது அதனால்தான். சவரம் முடிந்து குளிர்ந்த நீரில் கழுவிய ஈர முகத்தில் கட்டியை ஒரு முறை ஓட்டி, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை விட்டு, கழுவிவிட வேண்டும். கழுவாமல் விட்டால் தோல் வறண்டு இறுகும். தினமும் பயன்படுத்தலாம், வறண்ட தோல் உள்ளவர்கள் கீறல் விழுந்த நாளில் மட்டும் பயன்படுத்தட்டும்.

எரிச்சல் ஒரு தேவை அன்று, ஆனால் அது தரும் செய்தி விலைமதிப்பற்றது. நன்றாக நடந்த சவரத்துக்குப் பின் படிகாரம் ஏறக்குறைய எரிவதே இல்லை. எங்கே எரிகிறதோ அங்கே நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள், அல்லது நுரையில்லாமல் மறுபடி இழுத்திருக்கிறீர்கள். ஒரு மாதம் அந்த இடங்களைக் கவனித்துத் திருத்திக்கொண்டால், இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடைக்க மாட்டார். கட்டி பிறருடன் பகிர்ந்துகொள்ளும் பொருள் அன்று, பிளேடும் அப்படியே. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் இரத்தத்தின் வழியே பரவுபவை.

ஆஃப்டர் ஷேவ் சுருக்கென்று எரிந்தால்தான் கிருமி சாகும் என்கிறார்களே?

அந்தச் சுருக் ஆல்கஹாலால் வருவது. ஆல்கஹால் கிருமிகளைக் கொல்லும் என்பது உண்மை; ஆனால் ஒழுங்காகச் செய்த சவரத்துக்குப் பின் முகத்தில் கிருமி நீக்கம் ஒரு கட்டாயம் அன்று, தோலின் எண்ணெய்ப் பசையை அது கூடவே எடுத்துச் செல்கிறது. மென்தாலின் குளிர்ச்சியும் தோல் உண்மையில் குளிர்வதால் வருவதன்று; குளிரை உணரும் நரம்பு ஏற்பிகளை மென்தால் தூண்டுவதால் மூளை அப்படி உணர்கிறது. இதமாக இருப்பதால் பயன்படுத்தலாம், மருந்தென்று எண்ண வேண்டாம்.

சோப்பு காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 9 முதல் 10 வரை. தோலின் இயல்பு ஏறத்தாழ 5. ஆகவே சவரத்துக்குப் பின் முகம் கேட்பது ஈரப்பதத்தை. நன்றாகக் கழுவி, ஈரம் முழுதும் காயும் முன் நறுமணமில்லாத எளிய ஈரப்பூச்சு ஒன்றைத் தடவுங்கள். மிக வறண்ட இடங்களில் பெட்ரோலியம் ஜெல்லியை விரல்நுனியில் தொட்டு மெல்லிதாகத் தடவலாம். 1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இந்தப் பழைய பொருள், தோலிலிருந்து நீர் ஆவியாவதைத் தடுப்பதில் இன்றும் மலிவான பொருட்களில் முதலிடத்தில் நிற்கிறது.

தாடிக்கென்று விற்கும் எண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் போதுமா?

முடிக்குப் போதும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியின் புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. லாரிக் அமிலத்தின் நேரான, சிறிய மூலக்கூறு முடியின் உள்ளே ஊடுருவுவதே காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். நுரையில் குறையாகத் தெரிந்த அதே அமிலம் இங்கே நிறைவாகிறது. ஆனால் தாடியின் அடியில் உள்ள தோலில் பரு வரும் இயல்புள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும், துளைகளை அடைக்கக்கூடியது. இரண்டு மூன்று சொட்டுகளை உள்ளங்கையில் தேய்த்து முடியின் நுனிகளுக்கு மட்டும் கொடுப்பது நடுவழி.

சவரத்துக்குப் பின் பவுடர் போடலாமா?

தேவையில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2024-இல், பவுடர்கள் பலவற்றில் உள்ள டால்க் என்னும் கனிமத்தை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் சேர்த்தது. பலனே சிறிதாக உள்ள ஒரு பொருளுக்காக அந்தத் தூளை மூக்கருகே தட்டிக்கொள்வதில் பொருளில்லை என்பது என் முடிவு.

'இயற்கையானது' என்று போட்ட சோப்பிலும் எனக்கு முகம் தடித்துவிட்டதே, ஏன்?

தோலைத் தொந்தரவு செய்வது பெரும்பாலும் நறுமணம். அது தாவரத்திலிருந்து வடித்த எண்ணெயாக இருந்தாலும் செயற்கையாக இருந்தாலும் ஒவ்வாமைக்கு வேறுபாடு இல்லை. லிமோனீன், லினலூல், சிட்ரால் போன்ற பெயர்கள் பட்டியலின் கடைசியில் இருக்கும். இவை பூக்களிலும் பழத்தோலிலும் இயல்பாகவே உள்ளவை. நறுமணமற்ற சோப்புக்கு மாறி இரண்டு வாரம் பாருங்கள். புதிய பொருள் எதையும் முகத்துக்குக் கொண்டுபோகும் முன் முழங்கையின் உட்புறத்தில் சில நாட்கள் தடவிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

பழைய பிளேடுகளை எங்கே போடுவது?

குப்பையில் அப்படியே போடவே கூடாது; அதைக் கையால் அள்ளுபவரின் விரல்களை நினைத்துப் பாருங்கள். மூடியுள்ள உலோக டப்பா ஒன்றின் மூடியில் பிளேடு நுழையும் அளவு பிளவு போட்டு, மூடியை ஒட்டிவிட்டு, பயன்படுத்திய பிளேடுகளை அதில் இடுங்கள். நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும். நிரம்பிய பிறகு உள்ளே பிளேடு இருப்பதைச் சொல்லி உலோகக் கழிவாகக் கொடுக்கலாம்.

தாத்தாவின் ரேசர் ஒன்று பெட்டியில் கிடந்தது. அதைப் பயன்படுத்தலாமா?

பெரும்பாலும் பயன்படுத்தலாம், பித்தளையில் செய்யப்பட்டதாக இருந்தால் இன்று புதிதாக வாங்கும் பல ரேசர்களை விட நல்லதாகவும் இருக்கும். முதலில் பழைய பிளேடு உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கவனமாக எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் திருகின் மரைகளையும் தலையின் இடுக்குகளையும் தேய்க்கவும். கொதிநீரும் வினிகரில் நெடுநேர ஊறலும் பழைய முலாமைக் கெடுக்கும். உலர்ந்த பின் 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில நிமிடங்கள் முக்கி எடுத்துக் காற்றில் உலரவிடுங்கள்.

பிறகு ரேசர் பற்றிய பதிலில் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். முனை இருபுறமும் சமமாகத் தெரியாவிட்டால் பிளேடைத் தளர்த்தி, நடுவில் நிறுத்தி, மீண்டும் இறுக்கிப் பாருங்கள். கீழே விழுந்து தலை கோணிய ரேசராக இருந்தால் எத்தனை முறை இறுக்கினாலும் நேராகாது. அதைத் தட்டி நிமிர்த்த முயல வேண்டாம், கைப்பிடி நன்றாக இருந்தால் மரை பொருந்தும் புதிய தலை ஒன்றை மட்டும் அதில் மாட்டிக்கொள்ளலாம்.